கொடைக்கானல் வீடு: நாள் வாடகையா, மாத வாடகையா?

கொடைக்கானலில் இரண்டு படுக்கையறை வீடு ஒன்று. நாள் வாடகை 5,000 ரூபாய், மாத வாடகை 20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஏப்ரல், மே இரண்டு மாதமும் ஒரு நாள் விடாமல் ஆள் வந்தால் மூன்று லட்சம். மாத வாடகையில் ஆண்டு முழுவதற்குமே 2.4 லட்சம்தான். இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் பலரும் நாள் வாடகையில் இறங்குகிறார்கள்.

ஆனால் சீசனிலும் வார நாள்களில் வீடு காலியாகக் கிடக்கும். 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு வரும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் (இணையவழி அனுமதிச் சீட்டு) கட்டாயம். 2025 ஏப்ரலில் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி, வார நாளில் 4,000, வார இறுதியில் 6,000 சுற்றுலா வாகனங்கள் என உச்சவரம்பும் வந்தது. அதைவிடப் பெரிய பாடு மழைக்காலம். ஒரு குடும்பம் கிளம்பியதும் விரிப்பு, தலையணை உறை எல்லாம் துவைத்தாக வேண்டும். நவம்பர் மழையில் கம்பளி நாள்கணக்கில் காயாது, காய்ந்தாலும் ஈரவாடை போகாது. வெந்நீர் வரவில்லை என்று இரவு பத்து மணிக்கு விருந்தினர் போன் செய்தால், மதுரையில் இருப்பவர் என்ன செய்வார்? காவலாளி சம்பளம், லாரித் தண்ணீர், முன்பதிவுத் தளத்தின் கமிஷன் எல்லாம் அந்த மூன்று லட்சத்திலிருந்துதான் போக வேண்டும்.

மாத வாடகைக்கு வருபவர்கள் ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள், மருத்துவமனைப் பணியாளர்கள். தினமும் ஜன்னல் திறந்து, அடுப்பு எரிகிற வீட்டுச் சுவரில் பூஞ்சை அவ்வளவு எளிதில் படராது. வருமான வரியிலும், செலவு ரசீது எதுவும் காட்டாமலே வாடகையில் 30 சதவீதம் கழித்துக்கொள்ளலாம். 'காலி செய்ய மாட்டார்கள்' என்ற பயத்துக்கு மருந்து, முறையான எழுத்து ஒப்பந்தம். 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி 11 மாத ஒப்பந்தத்தையும் வாடகை அதிகார அமைப்பில் பதிவு செய்ய வேண்டும். மே மாதம் நீங்கள் போய்த் தங்க முடியாது. அந்த இழப்பு உண்மைதான்.

ஜூன் முதல் மார்ச் வரை ஒரு குடும்பத்துக்கு மாத வாடகைக்கும், சீசனில் நாள் வாடகைக்கும் விடுபவர்களும் உண்டு. பிள்ளைகளுக்குப் பரீட்சை நடக்கும் ஏப்ரலில் ஒரு குடும்பத்தை வெளியேற்றுவது நியாயமில்லை என்பேன். ஏற்கெனவே அந்த ஊரில் வேலை பார்ப்பவர்களுக்கே வீடு கிடைப்பது பெரும்பாடு.

அங்கேயே குடியிருப்பவர் உபரி அறைகளை நாள் வாடகைக்கு விடட்டும். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் தங்கும் இல்லத் (ஹோம்ஸ்டே) திட்டமும் உரிமையாளர் குடும்பம் அதே வீட்டில் வசிக்க வேண்டும் என்றே கேட்கிறது. சென்னையிலோ மதுரையிலோ இருப்பவருக்கு மாத வாடகைதான் சரி. ஆயிரம் ரூபாய் குறைந்தாலும் உள்ளூரில் வேலை பார்க்கும் குடும்பத்துக்கே கொடுங்கள். கூரை ஒழுகத் தொடங்கிய அன்றே உங்களுக்குத் தகவல் வரும்.