வலது பக்கக் கண்ணாடி: 7,600 கிலோமீட்டருக்குப் பிறகு

போன வாரம் என் காரின் வலது கதவுக் கண்ணாடியை ஏற்றி இறக்கும் ரெகுலேட்டரை மாற்றினேன். மெக்கானிக் கதவின் உள்பக்க அட்டையைக் கழற்றியதும் அடியிலிருந்து ஒரு கைப்பிடி மணல் கொட்டியது. நம் ஊர்த் தேரி மணல் செக்கச் செவேலென்று இருக்கும். இது வெளுத்த மஞ்சள், மாவு மாதிரி நைஸ். ராஜஸ்தான் பாலைவனத்து ஜெய்சல்மேர் மணல். பெருக்க வந்த பையனைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அன்று மாலையே நண்பர் ஒருவர் கூப்பிட்டார். இதே மாடல், 2016 டீசல், பழைய வண்டி விலை நன்றாக இறங்கியிருக்கிறது, வாங்கலாமா என்று கேட்டார். மைலேஜ், பிக்கப் எல்லாம் அவருக்கே தெரியும். நான் சொல்ல வேண்டியது கண்ணாடியைப் பற்றித்தான்.

2025 ஜனவரியில் நானும் மனைவியும் இந்த வண்டியில் நாட்டைச் சுற்றி வந்தோம். கன்னியாகுமரியில் 44ஆம் எண் நெடுஞ்சாலையில் ஏறி பஞ்சாப் வரை, அங்கிருந்து ராஜஸ்தான், குஜராத், பிறகு மும்பை அருகே பன்வேலில் 66ஆம் எண் சாலையைப் பிடித்துக் கடலோரமாகவே திரும்பக் கன்னியாகுமரி. 31 நாள். இன்ஜின் ஓர் இடத்திலும் கைவிடவில்லை. மகாராஷ்டிர, மத்தியப் பிரதேச எல்லையில் பெஞ்ச் என்ற புலிக் காட்டில் விலங்குகள் கீழே போக வசதியாகத் தூக்கிக் கட்டிய பாலங்களின் மேல் அது சத்தமே இல்லாமல் போனது இன்னும் நினைவில் இருக்கிறது.

ஆனால் இந்தக் கண்ணாடி! பெங்களூருக்கு முன்னாலேயே மறுபடி ஆரம்பித்துவிட்டது. இறங்கும், ஏறாது. பாதியில் கோணலாக நின்றுவிடும். நான் இறங்கிக் கதவருகே நின்று, கண்ணாடியை உள்ளேயும் வெளியேயும் இரண்டு உள்ளங்கையால் அழுத்திப் பிடித்து மேலே தள்ள வேண்டும். அதே நேரம் மனைவி உள்ளிருந்து சுவிட்சைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். கிளம்பும் முன்பே சர்வீஸில் சொன்னேன். ரப்பரில் ஸ்பிரே அடித்துவிட்டு, சரியாகிவிட்டது என்று பில் போட்டுக் கொடுத்தார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. குவாலியருக்கு முன்னால் பனிமூட்டத்தில் கண்ணாடி பாதி திறந்தபடி நாற்பது கிலோமீட்டர் ஓட்டினேன், ஸ்டியரிங்கில் விரல் விறைத்துப் போனது. ஜெய்சல்மேரில் இடைவெளியில் துண்டைச் செருகி வைத்தோம். அப்படியும் மணல் புகுந்திருக்கிறது.

நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். மேப் இருக்கும்போது யாரும் வழி கேட்பதில்லை. எங்களுக்குக் கண்ணாடி திறந்தே கிடந்ததால் கேட்டுக்கொண்டே போனோம். பெங்களூருக்கு வெளியே ஒரு பூக்காரம்மா, "நேர ஹோகி" என்றார். கர்னூலில் ஆட்டோக்காரர், "நேருகா வெள்ளண்டி" என்றார். நேர, நேருகா, நேரே. மொழி தெரியாவிட்டாலும் அந்த ஒரு சொல் காதில் விழுந்ததும் தெம்பு வந்துவிடும். அடிலாபாத் டீக்கடையில்தான் அதைக் கடைசியாகக் கேட்டோம். பென்கங்கா ஆற்றைத் தாண்டி மகாராஷ்டிரத்துக்குள் போனதும் மராத்தியில் "சரள் ஜா". அதற்கும் வடக்கே எல்லாம் நேரே என்பதற்கு "சீதா"தான். யாரும் குறை வைக்கவில்லை. லூதியானா பக்கம் ஒரு பெரியவர் வழி சொன்னதோடு விடாமல், தன் ஸ்கூட்டரில் முன்னால் போய்ச் சாலையைக் காட்டிவிட்டே திரும்பினார். அப்படியும் அந்தச் சொல்லுக்கு மனம் ஏங்கியது. இத்தனைக்கும் நாங்கள் வீட்டு நினைப்பில் அழுகிற ஆட்கள் இல்லை.

திரும்பி வரும்போது, கார்வாரில், மீன்கூடையோடு பஸ்ஸுக்கு நின்ற ஒரு அம்மாவிடம் அங்கோலாவுக்கு வழி கேட்டேன். கையை நீட்டி, "நேர ஹோகி" என்றார். மூன்று வாரம் கழித்து! மனைவி என் தோளைத் தட்டி, "கேட்டீங்களா?" என்றாள். காசர்கோட்டில் "நேரே போயால் மதி" என்றதும் ஊருக்கே வந்துவிட்ட மாதிரி இருந்தது.

சரி, வாங்கலாமா? வேண்டாம் என்றுதான் நண்பரிடம் சொன்னேன். இவ்வளவு சொல்லிவிட்டு வேண்டாம் என்கிறீர்களே என்றார். என் வண்டியை யார் கேட்டாலும் கொடுக்க மாட்டேன், அது வேறு. ஒரு பட்டனுக்காக 31 நாள் மனைவிக்குக் கை வலித்தது. அதைச் செய்து விற்றவர்கள் மேல் எனக்கு மரியாதை இல்லை. அப்படியும் பார்த்தே தீர்வேன் என்றால், இன்ஜினைக் கேட்பதற்கு முன் வலது கண்ணாடியைப் பத்துத் தடவை ஏற்றி இறக்கிப் பாருங்கள். ஒரு தடவை திணறினாலும் சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள்.