குறும்பாடப் பதிவுக்கு ஓபிஎஸ் ஸ்டூடியோ: ஒரு மதிப்பீடு

காட்பாடியில் டேலி என்னும் கணக்கு மென்பொருளைக் கற்பிக்கும் எங்கள் பயிற்சி மையத்தில், மாணவர்கள் வீட்டிலிருந்து கைப்பேசியில் மறுபடி பார்ப்பதற்காக மூன்று, நான்கு நிமிடப் பாடங்களைப் பதிவு செய்கிறோம். ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் நிறுவனங்களின் கணக்குப் பிரிவில் வேலை தேடுகிறவர்களே அவர்களில் பலர். இப்பணிக்குச் சில திரைப்பதிவு மென்பொருள்களைப் பயன்படுத்திப் பார்த்த அளவில், ஓபிஎஸ் ஸ்டூடியோவையே நான் உறுதியாகப் பரிந்துரைப்பேன்.

முதற்காரணம் ஒலி. வேலூர் வெயிலில் மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பாடம் நடத்த முடியாது. அதன் இரைச்சல் மைக்கில் ஏறினால், படம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் மாணவர் பாதியிலேயே விட்டுவிடுவார். ஓபிஎஸ்ஸில் மைக்குக்கு இரைச்சல் குறைப்பு வடிகட்டியைச் சேர்த்து, அதில் ஆர்என்நாய்ஸ் முறையைத் தேர்ந்தால், இடைவிடாத அந்த ஓசை பெருமளவு அடங்கிவிடுகிறது. மைக்கை வாயருகே வைத்துப் பேசுவது மட்டும் அவசியம். தொலைவிலிருந்து பேசினால் நம் குரலும் சேர்ந்து சிதைகிறது.

அடுத்தது மின்வெட்டு. யுபிஎஸ் இல்லாத கணினியில் சாதாரண எம்பி4 வடிவில் பதிவு செய்யும்போது மின்சாரம் போனால், முடிவுறாத அந்தக் கோப்பு பெரும்பாலும் திறக்காது. எம்கேவி வடிவில் பதிவு செய்தால் அதுவரை பேசியது மிஞ்சும்; பிறகு ஓபிஎஸ்ஸிலேயே அதைத் தரம் குறையாமல் எம்பி4 ஆக மாற்றிக்கொள்ளலாம். முழுத்திரைக்குப் பதிலாக டேலி சாளரத்தை மட்டும் பதிவு செய்ய முடிவதால், நடுவில் வரும் வாட்ஸ்அப் அறிவிப்புகள் காணொலியில் இடம்பெறுவதில்லை.

இலவசமான, திறந்த மூல மென்பொருளான இது விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்குகிறது. ஆயினும் புதியவருக்கு இதன் முகப்பு மிரட்சி தரும். காட்சி (பதிவாகும் திரையின் அமைப்பு), மூலம் (அதில் நாம் சேர்க்கும் சாளரம், மைக் போன்றவை) என்னும் இரண்டின் வேறுபாடு பிடிபடும்வரை கறுப்புத்திரைதான் தெரியும். அவசரமாக ஒன்றிரண்டு படிகளைக் காட்டினால் போதும் என்பவர்களுக்கு விண்டோஸ் 11உடன் வரும் ஸ்னிப்பிங் டூல் என்னும் திரைப்பதிவுக் கருவியே போதுமானது. விண்டோஸுடன் வரும் மற்றொரு பதிவுக் கருவியான கேம் பார் ஒரு செயலியை மட்டுமே பதிவு செய்யும். கோப்புகளை எங்கே சேமிப்பது என்று காட்ட வேண்டிய பாடத்துக்கு அது உதவாது.

ஓபிஎஸ்ஸில் வெட்டி ஒட்டும் வசதி இல்லாதது உண்மையான குறை. தடுமாறிய இடங்களை நீக்க நாங்கள் ஷாட்கட் என்னும் இலவச மென்பொருளைப் பயன்படுத்துகிறோம். பதிவுக்குமுன் விண்டோஸின் திரை அளவீட்டை 150 விழுக்காடாக உயர்த்திவிட்டால், சிறிய கைப்பேசியிலும் எழுத்துகளைச் சிரமமின்றிப் படிக்கலாம்.