17 வயது ஸ்விஃப்ட்டில் திண்டுக்கல் முதல் காசி வரை: கிளம்பும் முன் செய்ததும், ஓராண்டு கழித்துத் தெரிந்ததும்

அப்பா பணி ஓய்வு பெற்ற 2007இல் வாங்கிய வண்டி இது. முதல் தலைமுறை மாருதி ஸ்விஃப்ட், பெட்ரோல், 1298 சிசி. 2010இல் 1.2 லிட்டர் கே சீரிஸ் வருவதற்கு முன்பு ஓடிக்கொண்டிருந்த பழைய ஜி13 இன்ஜின். 2024 நவம்பரில் அப்பாவையும் அம்மாவையும் இதில் காசிக்குக் கூட்டிப்போனேன். அப்போது மீட்டரில் 81,400 கிலோமீட்டர்.

"இவ்வளவுதான் ஓடியிருக்கா? அப்புறம் என்ன, ஆயில் மாத்திட்டு எடுத்துட்டுப் போக வேண்டியதுதானே" என்றுதான் கேட்டவர்கள் எல்லோரும் சொன்னார்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் குறைவாக ஓடியதுதான் இந்த வண்டியின் சிக்கல். வருடத்துக்கு 5,000 கிலோமீட்டர்கூட ஓடவில்லை. கோயில், மார்க்கெட், கல்யாணம் என்று பத்து கிலோமீட்டர் போய் வந்தால், அடுத்த பத்து நாள் ஷெட்டில் நிற்கும். சர்வீஸ் புத்தகத்தில் ஒவ்வொரு வேலைக்கும் இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை மாதம், எது முன்னால் வருகிறதோ அது என்று போட்டிருக்கும். 17 வருடமாக நாங்கள் பார்த்தது கிலோமீட்டரை மட்டும்தான்.

பன்னிரண்டு வருடமாக இந்த வண்டியைப் பார்க்கும் மெக்கானிக், லிஃப்டில் ஏற்றி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இன்ஜின் கல்லு மாதிரி இருக்குண்ணே. ரப்பர் பூராதான் செத்துப்போச்சு." பயணத்துக்கு நான் செய்த தயாரிப்பு எல்லாம் அந்த ஒரு பேச்சிலிருந்து கிளைத்ததுதான்.

முதலில் டயர். நான்கிலும் பட்டை முக்கால்வாசிக்கு மேல் இருந்தது. சட்டப்படி பட்டையின் ஆழம் 1.6 மில்லிமீட்டர் இருந்தால் போதும். எங்களுடையதில் அதைப்போல மூன்று மடங்குக்கு மேல். ஆனால் டயரின் பக்கச்சுவரில் இருக்கும் தயாரிப்பு எண்ணின் கடைசி நான்கு இலக்கம் 2317 என்று இருந்தது. 2017ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் என்று பொருள். ஏழு வருடம் ஆகிவிட்டது. கையால் வளைத்துப் பார்த்தால் பட்டைகளின் இடுக்கில் முடி போல விரிசல். ஊருக்குள் 40இல் ஓடும்போது இது ஒன்றும் செய்யாது. முழுப் பாரத்தோடு, வெயிலில், நான்குவழிச் சாலையில் மணிக்கணக்காக 90இல் ஓடும்போதுதான் டயர் சூடேறி, அந்த விரிசல் தன் வேலையைக் காட்டும். ஸ்டெப்னியை எடுத்துப் பார்த்தால், வண்டியோடு வந்த 2007 டயர். ஒருமுறைகூடத் தரையைத் தொடாதது, பார்க்கப் புதுசு, ஆனால் அவசரத்துக்கு அதை நம்பி ஒரு கிலோமீட்டர் போக முடியாது. 165/80 ஆர்14 அளவில் ஐந்து டயர் வாங்கினேன், மொத்தம் 21,500 ரூபாய். மொத்தச் செலவில் பெரும்பங்கு இதுதான். டயர் மாற்றும்போது காற்றடைக்கும் ரப்பர் வால்வையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் பல கடைகளில் பழையதையே விட்டுவிடுவார்கள்.

அடுத்து கூலிங். பழைய வண்டிகள் நடுவழியில் நின்றுபோவதற்கு நான் பார்த்தவரை இதுதான் முதல் காரணம், அதனால் இங்கே கொஞ்சம் நின்று சொல்கிறேன். ரேடியேட்டர் மேல் ஹோஸை அமுக்கினால் மெத்தென்று இருக்க வேண்டும். எங்களுடையது ஒரு முனையில் பாப்பாளிப் பழம் போல ஊறி, மறுமுனையில் மரக்கட்டையாக இறுகியிருந்தது. மேல் ஹோஸ், கீழ் ஹோஸ், ஹீட்டருக்குப் போகும் சின்ன ஹோஸ்கள், கிளிப்புகள், ரேடியேட்டர் மூடி எல்லாவற்றையும் மாற்றினோம். மூடியைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைப்பது அதுதான். அழுத்தம் இருந்தால்தான் கூலண்ட் நூறு டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். மூடியின் ரப்பர் வாஷர் தேய்ந்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும்.

இன்ஜின் சூடேறும்வரை கூலண்ட்டை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுக்கும் வால்வுதான் தெர்மோஸ்டாட். அது இருக்கும் இடத்தைத் திறந்தால், உள்ளே தெர்மோஸ்டாட்டே இல்லை. "நம்ம ஊர் வெயிலுக்கு எதுக்கு" என்று எப்போதோ ஒரு பட்டறையில் கழற்றி எறிந்திருக்கிறார்கள். இது தமிழ்நாட்டில் பரவலாக உள்ள பழக்கம், தவறான பழக்கம். அது இல்லாவிட்டால் இன்ஜின் சரியான சூட்டுக்கு வரவே நேரமாகும், பெட்ரோல் கூடக் குடிக்கும், ஆயிலில் சேரும் ஈரம் ஆவியாகிப் போகாது. புதிதாக ஒன்று போட்டோம். வெறும் தண்ணீர் ஊற்றி ஊற்றித் துருப்பிடித்திருந்த ரேடியேட்டரைக் கழுவி, பாட்டிலில் போட்ட விகிதத்தில் கூலண்ட் நிரப்பினோம். எல்லாம் சேர்த்து 3,600 ரூபாய்.

இன்ஜின் வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கும் டைமிங் பெல்ட்டைப் பற்றி இந்த இன்ஜின்காரர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். பிறகு வந்த கே சீரிஸில் செயின்; இதில் ரப்பர் பெல்ட். அறுந்தால் வண்டி அந்த இடத்திலேயே நின்றுவிடும், தள்ளினாலும் கிளம்பாது. எங்களிடம் இருந்த பில்களில் பெல்ட் மாற்றியதாக ஒரு வரிகூட இல்லை. ஒரு லட்சம் கிலோமீட்டர் வரை தாங்கும் என்று காத்திருந்தால், எங்கள் ஓட்டத்துக்கு இன்னும் நான்கு வருடம் ஆகியிருக்கும். பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப், கேம் பக்கமும் கிராங்க் பக்கமும் ஆயில் சீல்கள் எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றினோம், கூலியோடு 7,800. தனித்தனியாகச் செய்தால் ஒரே இடத்தைக் கழற்றி மாட்டுவதற்கு இரண்டு மூன்று தடவை கூலி கொடுக்க வேண்டியிருக்கும்.

பிரேக் ஆயிலும் கிலோமீட்டரைப் பார்க்காமல் வருடத்தைப் பார்த்து மாற்ற வேண்டியதுதான். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் எண்ணெய். டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது; ஈரம் ஏறிவிட்டால் அந்த எல்லை 140க்கு இறங்கிவிடும். மலை இறக்கத்தில் பிரேக்கைத் தொடர்ந்து மிதித்தால் ஆயில் கொதித்துக் குமிழி கட்டும், பெடல் பஞ்சு போல உள்ளே போகும். எங்கள் டப்பாவில் இருந்தது டிகாக்‌ஷன் நிறத்தில் இருந்தது. ஆயில், நான்கு ரப்பர் பிரேக் ஹோஸ், பின்சக்கர வீல் சிலிண்டர் கிட் எல்லாம் மாற்றினோம்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சஸ்பென்ஷனில் லோயர் ஆர்ம் புஷ், லிங்க் ராடு, ஒரு பக்கம் கிழிந்திருந்த ஆக்ஸில் பூட் (ஆக்ஸில் மூட்டை மூடும் ரப்பர் உறை), பேட்டரி, வைப்பர் மாற்றியாயிற்று. மஞ்சள் படிந்த ஹெட்லைட் கண்ணாடிக்குப் பஃபிங் போட்டேன். அது ஓரளவுக்குத்தான் உதவியது, ஆறு மாதத்தில் திரும்ப மஞ்சளானது. டேங்கிலிருந்து இன்ஜினுக்கு வரும் பெட்ரோல் ஹோஸ்களில் ரப்பராக இருந்தவற்றையும் மாற்றினேன். அன்று அது அதிகப்படியோ என்று தோன்றியது. இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். இந்த வண்டி தயாரானபோது அந்தக் கலவையை நினைத்து யாரும் ரப்பர் போடவில்லை. பழைய பெட்ரோல் வண்டி வைத்திருப்பவர்கள் முதலில் இதைப் பாருங்கள். பெட்ரோல் ஹோஸ் கசிந்தால் நடுவழியில் நிற்பதோடு முடியாது, தீப்பிடிக்கும்.

மொத்தம் 50,400 ரூபாய் ஆயிற்று. "இந்தக் காசுக்கு மூணு பேரும் விமானத்துலயே போயிட்டு வந்துடலாமேடா" என்றார் அப்பா. ஆனால் அம்மாவுக்கு மூட்டுவலி, நினைத்த இடத்தில் நிறுத்திக் கால் நீட்ட வேண்டும். அதோடு இந்த டயரும் பிரேக்கும் காசிக்காக மட்டும் மாற்றியவை அல்ல. இந்த வண்டியில் எப்போதும் உட்கார்பவர்கள் அப்பாவும் அம்மாவும்தான்.

இந்தத் தயாரிப்பில் நான் எடுத்த நல்ல முடிவு, வேலை எல்லாவற்றையும் கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே முடித்தது. புது பாகம் மாட்டிய வண்டியும் ஒருவகையில் நம்பக்கூடாத வண்டிதான். எந்தக் கிளிப்பை முடுக்க மறந்தார்கள், எந்த சீல் சரியாக உட்காரவில்லை என்பது ஓட்டினால்தான் தெரியும். எங்களுக்கு இதற்கு வழி தானாக அமைந்தது. காசிக்குப் போகிறவர்கள் முதலில் ராமேசுவரம் போய் மணல் எடுத்து, அதைப் பிரயாகையில் சங்கமத்தில் கரைத்து, காசியிலிருந்து கங்கைநீர் கொண்டுவந்து ராமநாதருக்கு அபிஷேகம் செய்வது முறை. அதனால் அக்டோபரில் ராமேசுவரம் போய் வந்தோம். போக வர 470 கிலோமீட்டர், அதுவே சோதனை ஓட்டம்.

பரமக்குடி தாண்டியதும் காருக்குள் லேசாக ஒரு இனிப்பு வாசம். அம்மாதான் முதலில் சொன்னார், "என்னமோ பாகு காய்ச்சுற மாதிரி வாடை வருதுப்பா" என்று. நிறுத்தி, ஆறவிட்டு, பானட்டைத் தூக்கினேன். கீழ் ஹோஸ் கிளிப்பின் ஓரத்தில் பச்சையாகக் கூலண்ட் கசிந்திருந்தது. ஸ்க்ரூ டிரைவரால் இரண்டு சுற்று முடுக்கியதும் நின்றது. இதே கசிவு ஆதிலாபாத் பக்கம் ஆள் இல்லாத இடத்தில் நடந்திருந்தால் கூலண்ட் காலியாகும்வரை கவனித்திருக்க மாட்டேன். திரும்பி வந்ததும் மெக்கானிக் எல்லாக் கிளிப்பையும் மறுபடி முடுக்கி, வீல் நட்டுகளையும் சரிபார்த்துக் கொடுத்தார்.

நவம்பர் இரண்டாம் வாரம் கிளம்பினோம். டிசம்பர், ஜனவரியில் உத்தரப் பிரதேசத்தில் மூடுபனி கடுமையாக இருக்கும், பழைய ஹெட்லைட்டை வைத்துக்கொண்டு அதில் போக எனக்கு மனமில்லை. பழைய எண்படி தேசிய நெடுஞ்சாலை 7. வாரணாசியிலிருந்து கன்னியாகுமரி வரை 2,369 கிலோமீட்டர் என்று ஒரே எண்ணில் இருந்த சாலை. இப்போது துண்டு துண்டாக வேறு வேறு எண்கள், பெரும்பகுதி 44. நாள் ஒன்றுக்கு 500 கிலோமீட்டரைப் பெரிதாகத் தாண்டுவதில்லை, இருட்டிய பிறகு ஓட்டுவதில்லை என்று வைத்துக்கொண்டோம். சிக்கபள்ளாப்பூர், ஹைதராபாத்தைத் தாண்டி மேட்சல், நாக்பூர், ஜபல்பூர், பிரயாக்ராஜ் என்று ஐந்து நாள். மூன்று நாள் வண்டி ஒரு முனகல்கூட இல்லாமல் ஓடியது. சூட்டு முள் பாதிக்குக் கீழே ஆணியடித்தது போல நின்றது.

நான்காம் நாள் காலை, நாக்பூரைத் தாண்டி பெஞ்ச் காட்டுப் பகுதி. விலங்குகள் கீழே கடந்து போவதற்காக நெடுஞ்சாலையையே தூண்களின் மேல் தூக்கிக் கட்டியிருக்கும் இடம். அங்கே டாஷ்போர்டில் பேட்டரி விளக்கு மங்கலாக ஒரு மினுக்கு மினுக்கியது, அணைந்தது, மறுபடி மினுக்கியது. சிகரெட் லைட்டர் துளையில் செருகும் சின்ன வோல்ட் மீட்டர் ஒன்று 250 ரூபாய்க்கு வாங்கி மாட்டியிருந்தேன். வழக்கமாக 13.8க்கும் 14.2க்கும் நடுவில் நிற்கும். அன்று 12.1. டைனமோ சார்ஜ் ஏற்றவில்லை, பேட்டரியில் மிச்சம் இருப்பதை வைத்துத்தான் வண்டி ஓடுகிறது என்று தெரிந்துவிட்டது.

காட்டுக்குள் நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் மறுபடி செல்ஃப் எடுக்குமா என்பதும் தெரியாது. ஏசி, பாட்டு, போன் சார்ஜர் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஜன்னலைத் திறந்துகொண்டு ஒரே சீராக 70இல் ஓட்டினேன். அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை, மீட்டரையே பார்த்துக்கொண்டு வந்தார். 11.7இல் சிவனி ஊருக்குள் நுழைந்தோம். எனக்கு இந்தி அரைகுறை. ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர் டைனமோவைக் கழற்றிப் பின்பக்கத்தைத் திறந்து, தேய்ந்து மொட்டையான இரண்டு துண்டுகளைக் கையில் வைத்துக் காட்டி "கார்பன்" என்றார். டைனமோவுக்குள் சுழலும் பாகத்தை உரசிக்கொண்டு அதற்கு மின்சாரம் கொடுக்கும் துண்டு அது. திண்டுக்கல்லிலும் அதற்கு அதே பெயர்தான். ஒன்றரை மணி நேரம், 600 ரூபாய். புது பேட்டரி போட்டிருந்ததுதான் அந்த 60 கிலோமீட்டரைக் கடத்திவிட்டது.

ரப்பரையே துரத்தியதில் டைனமோவையும் செல்ஃப் மோட்டாரையும் திறந்து பார்க்க எனக்குத் தோன்றவில்லை. 17 வருடத்தில் அந்தக் கார்பன் தேய்ந்தது இயல்புதான். கிளம்பும் முன்பே மாற்றியிருக்க வேண்டியது. உங்கள் வண்டிக்குப் பத்து வயது தாண்டியிருந்தால் இந்த இரண்டையும் பட்டியலில் சேருங்கள்.

பிரயாகையில் மணலைக் கரைத்துவிட்டுக் காசி போய்ச் சேர்ந்தோம். நகரத்தார் சத்திரத்தில் தங்கினோம். கோயில் பக்கத்துச் சந்துகளுக்குள் கார் போகாது, வெளியே நிறுத்திவிட்டு ரிக்‌ஷாவில்தான் போக வேண்டும். ஐந்து நாள் வண்டி நின்றது, ஆறாம் நாள் முதல் சுற்றிலேயே கிளம்பியது. திரும்பும்போது தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி இறங்கும் தொப்பூர் கணவாயில் லாரிகளுக்குப் பின்னால் மூன்றாம் கியரில் இறங்கினேன். பெடல் மேலேயே கெட்டியாக நின்றபோது, பிரேக் ஆயிலுக்கும் ஹோஸுக்கும் கொடுத்த காசை நினைத்துக்கொண்டேன். மொத்தம் 4,260 கிலோமீட்டர், லிட்டருக்குச் சராசரி 15.6. டேங்க் 43 லிட்டர்தான், பாதிக்கு வந்ததும் நிரப்பிக்கொண்டே வந்தோம். டிசம்பரில் கங்கைநீரோடு ராமேசுவரம் போனோம்.

அதன்பின் ஓராண்டில் இன்னும் 9,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. முன்பு வருடத்துக்கு ஓடியதைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அப்பாவுக்கு வண்டி மேல் நம்பிக்கை திரும்பிவிட்டது. கூலண்ட் ஒரு சொட்டு குறையவில்லை. லிங்க் ராடில் ஒன்று மட்டும் மறுபடி சத்தம் போடுகிறது. விலை பார்த்து வாங்கிய சாமான், அடுத்த முறை கம்பெனி சாமான்தான் போடுவேன். 2022இல் ஐந்து ஆண்டுக்குப் புதுப்பித்த ஆர்.சி. 2027 வரை செல்லும். அடுத்த மாதம் பிரேக் ஆயில் மாற்ற வேண்டும். க்ளவ் பாக்ஸில் ஒரு ஜோடி கார்பன் இப்போது எப்போதும் கிடக்கிறது. செல்ஃப் மோட்டாரைத் திறந்து பார்க்கும் வேலையும் அன்றைக்கே.