எழுத்தை எண்ணுவதா, கருவியிடம் கேட்பதா?

ஒரு வழக்கில் கைப்பற்றிய லேப்டாப்பில் இருந்த குறிப்புக் கோப்பில் 312 எழுத்துகள் கிடந்தன. எல்லாம் ஆங்கிலப் பெரிய எழுத்து. இடைவெளியும் இல்லை, நிறுத்தக்குறியும் இல்லை. சங்கேதம் எந்த வகை என்று தானே கண்டுபிடித்துச் சொல்லும் கருவி ஒன்றில் போட்டேன். இரண்டு நொடியில் பேஸ்64 என்றது, அதாவது பைட்டுகளை வெறும் 64 குறிகளால் எழுதும் முறை. அவிழ்த்தால் 234 பைட் குப்பை வந்தது. ‘உள்ளே என்கிரிப்ட் செய்த தரவு இருக்கலாம்’ என்று அடுத்த வரியில் ஒரு யோசனையும் கொடுத்தது. வரைவு அறிக்கையில் அதை அப்படியே எழுதிவிட்டேன்.

மூத்த ஆய்வாளர் வரைவைப் படித்துவிட்டு ஒன்றுதான் கேட்டார்: “எழுத்த எண்ணிப் பாத்தியா, தம்பி?”

எண்ணவில்லை. பேஸ்64-இல் பெரிய எழுத்து 26, சிறிய எழுத்து 26, இலக்கம் 10, இன்னும் இரண்டு குறிகள் என்று மொத்தம் 64. உண்மையிலேயே அது பேஸ்64 என்றால் 312 இடத்தில் ஒரு சிறிய எழுத்தோ ஒரு இலக்கமோ தலைகாட்டாமல் இருக்க வாய்ப்பே இல்லை. கருவிக்குத் தெரிந்ததெல்லாம் இரண்டுதான்: எல்லா எழுத்தும் அந்த 64-க்குள் அடங்குகிறது, நீளம் நான்கால் வகுபடுகிறது. அந்தக் கணக்கில் ‘பாஸ்வேர்ட்’ என்ற எட்டெழுத்து ஆங்கிலச் சொல்லும் பேஸ்64தான்.

அன்றிலிருந்து நான் எண்ணும் கட்சி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனி எழுதுவது நடுநிலை ஒப்பீடு இல்லை.

கருவி என்று நான் சொல்வது சைபர்செஃப்பில் உள்ள ‘மேஜிக்’ போன்றவற்றை. சைபர்செஃப் பிரிட்டனின் உளவு அமைப்பான ஜிசிஎச்க்யூ 2016-இல் திறந்த மூலமாக வெளியிட்டது. மேஜிக் உள்ளீட்டின் தோற்றத்தைப் பார்த்து, பொருந்தக்கூடிய அவிழ்ப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக முயன்று, வாசிக்கத் தகுந்த மாதிரி வருவதை வரிசைப்படுத்திக் காட்டும். எண்ணுவது என்பது பழைய வழி: எத்தனை விதமான குறிகள், மொத்த நீளம் என்ன, எது அதிகம் வருகிறது, எது எங்கே திரும்ப வருகிறது. காகிதமும் பென்சிலும் வேண்டாம், நாற்பது வரி பைத்தான் போதும்.

அந்த 312-க்கு வருவோம். குறிகள் 26 என்றதுமே என்கோடிங் (திறவு தேவைப்படாத வெறும் வடிவ மாற்றம்) என்ற சந்தேகம் விலகி, பழைய பாணி சைஃபர் (திறவு வைத்து மறைக்கும் சங்கேதம்) என்ற எண்ணம் வந்தது. அடுத்து ஃப்ரீட்மனின் எண். அமெரிக்கச் சங்கேத நிபுணர் வில்லியம் ஃப்ரீட்மன் 1922-இல் வெளியிட்டது. ஒரு பத்தியில் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு எழுத்தைத் தொட்டால் இரண்டும் ஒரே எழுத்தாக இருக்கும் வாய்ப்பு எவ்வளவு என்பதே அது. ஆங்கில உரைநடைக்கு ஏறக்குறைய 0.067. 26 எழுத்தும் சமமாகக் கலந்து கிடந்தால் 0.038. ஒரு எழுத்துக்கு எப்போதும் ஒரே மாற்றெழுத்து என்றால் இந்த எண் அசையாது. பல மாற்று வரிசைகளை மாறி மாறிப் பயன்படுத்தினால் சரியும். எனக்கு வந்தது 0.045. ஆக, விஜனேர் சைஃபர் மாதிரி ஒரு திறவுச்சொல் சுழல்கிறது: உரையின் எழுத்தை எத்தனை இடம் தள்ளுவது என்று அதன் எழுத்துகள் முறைவைத்துச் சொல்லும்.

எத்தனை எழுத்துத் திறவுச்சொல்? 1863-இல் பிரஷ்ய ராணுவ அதிகாரி காசிஸ்கி காட்டிய வழி: திரும்ப வரும் துண்டுகளுக்கு இடையே உள்ள தூரத்தை அள. ஒரு மூன்றெழுத்துத் துண்டு 30 எழுத்து தள்ளி வந்தது, இன்னொன்று 48, மற்றொன்று 66. மூன்றுக்கும் பொது வகுத்தி 6. உரையை ஆறு வரிசையாகப் பிரித்தால் வரிசைக்கு 52 எழுத்து. ஒவ்வொரு வரிசையிலும் ஃப்ரீட்மனின் எண் 0.07-ஐத் தாண்டியது.

அப்புறமும் ஒரு முட்டுக்கட்டை. ஒவ்வொரு வரிசையிலும் அதிகம் வந்த எழுத்தை, ஆங்கிலத்தில் அதிகம் வரும் ‘ஈ’ (E) என்று வைத்துப் பார்த்தால் ஒன்றும் கூடிவரவில்லை. அரை மணி நேரம் கழித்துத்தான் உறைத்தது: எழுதியவர் ஏன் ஆங்கிலத்தில் எழுத வேண்டும்? தமிழை ஆங்கில எழுத்தில் எழுதினால் அகரம், ஆகாரம் இரண்டுக்கும் ‘ஏ’ (A)தான், உயிர்மெய்க்குள்ளும் அதேதான். உச்சத்தை ‘ஏ’ என்று வைத்ததும் திறவுச்சொல் விழுந்தது. ஆங்கிலத்தை மனதில் வைத்து மதிப்பெண் போடும் கருவி இந்த இடத்தில் கடைசிவரை திணறியிருக்கும்.

வேகத்தில் கருவிதான் முன்னே. அதில் பேச ஒன்றுமில்லை. சான்றை ஏதோ ஓர் இணையதளத்தில் ஒட்டக் கூடாது என்பதும் எல்லோருக்கும் தெரிந்ததே. சைபர்செஃப்பை இறக்கி இணையம் இல்லாமலே ஓட்டலாம்.

என்னைத் தீர்மானிக்க வைத்தது வேறு: அறிக்கை. பிரிட்டனில் 2015 வரை இருந்த காவல்துறைத் தலைமை அதிகாரிகள் சங்கத்தின் டிஜிட்டல் சான்று வழிகாட்டியில் நான்கு கோட்பாடுகள் உண்டு. செய்ததையெல்லாம் பதிவு செய்து வைக்க வேண்டும், வெளியாள் ஒருவர் அதே படிகளைச் செய்தால் அதே முடிவு வர வேண்டும் என்பது மூன்றாவது. மேஜிக் மாதிரியான கருவி கொடுப்பது தரவரிசை. அடுத்த பதிப்பில் மதிப்பெண் முறையை மாற்றினால் முதலிடம் இரண்டாமிடம் ஆகும். ஒரு தேர்வுப்பெட்டியை டிக் செய்தால் பட்டியலே மாறும். ‘ஏன் இந்த வகை என்றீர்கள்?’ என்று குறுக்கு விசாரணையில் கேட்டால், ‘மென்பொருள் அப்படிச் சொன்னது’ என்பதைத் தவிர கையில் ஒன்றும் இருக்காது. அடுத்த கேள்வி இன்னும் மோசம்: ‘அது வேறு எதை நிராகரித்தது, எதனால்?’

எண்ணி வந்த முடிவுக்கு இந்தத் தொல்லை இல்லை. நீளம் 312, குறிகள் 26, எண் 0.045, தூரங்கள் 30, 48, 66. எதிர்த்தரப்பு நிபுணர் தன் கணினியில் எந்த மொழியில் நிரல் எழுதினாலும் இதே இலக்கங்கள்தான் வரும். மூன்று வருடம் கழித்து வழக்கு வரும்போது எனக்கே மறந்துபோயிருக்கும். அந்த அரைப் பக்கம் ஞாபகப்படுத்திவிடும். தவறிய வழியையும் எழுதுகிறேன்: ‘ஈ’ என்று வைத்தோம், பொருந்தவில்லை. அது இருந்தால் மிச்சத்தை நம்புகிறார்கள்.

32 ஹெக்ஸ் எழுத்துகள் (எழுத்துக்கு 4 பிட் என்று எண்ணை எழுதும் முறை) கிடைத்தால் பல கருவிகள் சட்டென்று எம்டி5, அதாவது கோப்பின் கைரேகை மாதிரியான ஒரு ஹாஷ், என்கின்றன. விண்டோஸ் கடவுச்சொல்லைச் சேமிக்கும் என்டி ஹாஷும் அதே 32தான், ஏஇஎஸ் என்ற நவீன சைஃபரின் 128 பிட் திறவும் அதே 32தான். எண்ணுகிறவன் ‘128 பிட் மதிப்பு ஒன்று, வகை தெரியவில்லை’ என்று எழுதுவான். கேட்க சப்பென்று இருக்கும், ஆனால் உண்மை அவ்வளவுதான்.

கருவி ஜெயிக்கும் இடமும் உண்டு. தீங்கு நிரல்களில் ஹெக்ஸுக்குள் பேஸ்64, அதற்குள் ஜிசிப் சுருக்கம், அதற்குள் ஒற்றை பைட் எக்ஸார் (எல்லா பைட்டையும் ஒரே பைட்டோடு கலப்பது) என்று வெங்காயம் மாதிரி அடுக்கி வைப்பார்கள். அதைக் கையால் உரிப்பது வீண் வேலை. அங்கே நானும் மேஜிக்கைத்தான் ஓட்டுகிறேன். ஆனால் உரித்த ஒவ்வொரு படியையும் தனித்தனியாக மறுபடி செய்து, கோப்பின் ஷா-256 ஹாஷ் மதிப்போடு குறித்துக்கொள்கிறேன்.

பழகப் பழகக் கண்ணே ஒரு கருவி ஆகிவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கணினி உரையைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட். பேஸ்64 மூன்று பைட்டை நான்கு எழுத்தாக்கும். அதனால் தமிழ் உரையை பேஸ்64-இல் மறைத்தால் ‘4கே6’ (4K6), ‘4கே+’ (4K+) என்ற துண்டுகள் வரிசைகட்டி நிற்கும். புள்ளி வரும் இடத்தில் ‘4கே+என்’ (4K+N). இடைவெளி ஒற்றை பைட் என்பதால் ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னும் வரிசை ஒரு படி நகர்ந்து, மூன்று இடைவெளி தாண்டியதும் பழைய முகத்தோடு திரும்பி வரும். ஒருமுறை பார்த்தவருக்கு மறக்காது. விண்டோஸ் பதிவேட்டின் யூசர்அசிஸ்ட் பகுதியில் (ஓட்டிய நிரல்களின் பட்டியல்) ‘ஆர்கேஆர்’ என்று முடியும் பெயர்களைப் பார்த்து ரகசியச் செய்தி என்று நான் குதித்ததும் நடந்திருக்கிறது. அது ‘இஎக்ஸ்இ’ (EXE), நிரல் கோப்பின் பின்னொட்டு. பெயர்களை விண்டோஸே 13 எழுத்து தள்ளி எழுதி வைக்கிறது. பயனருக்கு அதில் ஒரு பங்கும் இல்லை.

ஏஇஎஸ் மாதிரியான நவீன சைஃபர் என்றால் இரண்டு வழியும் கைவிரித்துவிடும். நீளம் 16-இன் மடங்கா, ஓபன்எஸ்எஸ்எல் என்ற என்கிரிப்ஷன் மென்பொருள் எழுதும் ‘சால்டட்’ என்ற தலைப்பு முன்னால் இருக்கிறதா என்று பார்க்கலாம், அவ்வளவுதான். மற்றபடி எந்த மென்பொருள் நிறுவியிருக்கிறது, நினைவகத்தில் திறவு கிடைக்கிறதா என்று தேடுவதே பலன் தரும். எண்ட்ரோபியை (பைட்டுகள் எவ்வளவு தாறுமாறு என்ற அளவை) மட்டும் பார்த்து என்கிரிப்ஷன் என்று முடிவு கட்ட வேண்டாம். ஜிப்பும் பைட்டுக்கு 8 பிட்டை நெருங்கும். 256 பைட் துண்டு என்றால் முழுத் தற்செயலாக இருந்தாலும் 7.2 அருகில்தான் நிற்கும்.

படங்களுக்குள் ஒளித்த செய்திகளில் என் அனுபவம் குறைவு, கை விரலில் எண்ணும் அளவு வழக்குகள்தான். படப்புள்ளிகளின் கடைசி பிட்டில் வரிசையாக எழுதியிருந்தால், வெஸ்ட்ஃபெல்டும் ஃபிட்ஸ்மனும் 1999-இல் காட்டிய கை-வர்க்கப் (chi-square) புள்ளியியல் சோதனை பிடித்துவிடுகிறது. சிதறி எழுதிய சின்னச் செய்திகளில் எனக்கு அது கைகொடுக்கவில்லை. அங்கே எது மேல் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

போன மாதம் வந்தது 14 எழுத்து. கருவி மூன்று ‘தீர்வு’ கொடுத்தது, மூன்றும் வாசிக்கும்படிதான் இருந்தன. ஒரு எழுத்துக்கு எப்போதும் ஒரே மாற்றெழுத்து வைக்கும் சைஃபருக்கு, தகவல் கோட்பாட்டாளர் ஷானன் 1949-இல் போட்ட கணக்குப்படி, ஆங்கிலத்தில் ஒரே விடை என்று உறுதியாகச் சொல்லக் கிட்டத்தட்ட 28 எழுத்தாவது வேண்டும். எண்ணிப் பார்த்துவிட்டு ‘வகையைத் தீர்மானிக்க உரை போதாது’ என்று எழுதி, கருவி கொடுத்த மூன்றையும் பின்னிணைப்பில் சேர்த்து அனுப்பினேன்.