காணொளி விமர்சனமா, கட்டுரை விமர்சனமா?

புதுத் தமிழ்ப் படம் வரும் வெள்ளிக்கிழமைகளில் பெங்களூரு நண்பர்கள் கேட்பது இது: யூடியூப் விமர்சனத்தைப் பார்ப்பதா, யாராவது எழுதட்டும் என்று காத்திருப்பதா?

செலவு: பெரும்பாலும் இரண்டுமே இலவசம். மல்டிபிளெக்ஸ் டிக்கெட் காசு வீணாகாமல் காப்பது காணொளிதான்.

வேகம்: முதல் காட்சி முடிந்ததுமே காணொளி வந்துவிடும். கட்டுரைக்குச் சில நாள் பிடிக்கும்.

ஆயுள்: பெரிய வித்தியாசமே இங்கேதான். கதை, பாட்டு, நடிப்பு, ஐந்துக்கு இத்தனை என்று முடியும் காணொளியை அடுத்த வாரம் யாரும் தேடுவதில்லை. நல்ல கட்டுரை ஒரே காட்சியை எடுத்துக்கொண்டு, அழும் அம்மாவின் முகத்தில் கேமரா ஏன் இவ்வளவு நேரம் நிற்கிறது, அதற்கு மேல் வயலின் எதற்கு என்று கேட்கும். அப்புறம் அடுத்த படத்தை நாமே அப்படிப் பார்க்கத் தொடங்குவோம். சி.சு.செல்லப்பா 1959-இல் தொடங்கிய ‘எழுத்து’ இலக்கியப் பத்திரிகை நின்று பல்லாண்டுகள் ஆகியும் அதன் விமர்சனங்களுக்கு இன்றும் வாசகர்கள் உண்டு. அதில் எழுதிய வெங்கட் சாமிநாதன் கடைசிக் காலத்தில் நம் பெங்களூருவில்தான் இருந்தார். இலக்கியம், நாடகம், ஓவியம், சினிமா எல்லாவற்றையும் ஒரே கறாரோடு பார்த்தவர்.

சனிக்கிழமை குடும்பத்தோடு போகலாமா என்று முடிவெடுக்கக் காணொளி போதும். பார்த்துவிட்டு வந்து ஏதோ உறுத்தினால், கட்டுரை. நாவலுக்கும் ஓவியத்துக்கும் எப்போதுமே கட்டுரைதான். பேலஸ் ரோடு தேசிய நவீன கலைக்கூடத்துக்குப் போகும் முன் ஒன்றாவது படித்துவிட்டுப் போங்கள்.