தஞ்சாவூரில் ஹார்ட் செக்கப்: 'ஆளுமைப் பரிசோதனை'க்குத் தனியாகப் பணம் கட்டலாமா?

நீடாமங்கலத்திலிருந்து பெரியப்பாவைத் தஞ்சாவூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு ஹார்ட் செக்கப்புக்குக் கூட்டிப்போனோம். குறையும் சொல்லப் போவதால் பெயர் வேண்டாம். இ.சி.ஜி., எக்கோ, டிரெட்மில், சர்க்கரை, கொழுப்பு எல்லாம் வழக்கம்போலத்தான். காலையில் வெறும் வயிற்றோடு போனால் மத்தியானத்துக்குள் முடிந்துவிடுகிறது. ரத்தம் எடுத்த பெண் நல்ல கைராசி. அந்தப் பகுதியில் குறையே இல்லை.

சொல்ல வந்தது, கூடுதலாக அறுநூறு ரூபாய் வாங்கிக்கொண்டு செய்யும் 'ஆளுமைப் பரிசோதனை' பற்றி. முதலில் ஒரு தாள் கொடுக்கிறார்கள். வரிசையில் நிற்கப் பொறுமை இல்லையா, வேகவேகமாகச் சாப்பிடுவீர்களா, அடுத்தவர் பேசும்போதே குறுக்கே பேசுவீர்களா என்று வரிசையாகக் கேள்விகள். மார்க் கூட்டி, 'நீங்கள் ஏ டைப், மாரடைப்பு அபாயம் இரண்டு மடங்கு' என்று சிவப்பு எழுத்தில் அச்சடித்துக் கையில் தந்துவிட்டார்கள். பெரியம்மா அதைப் படித்துவிட்டு அங்கேயே அழ ஆரம்பித்துவிட்டார்.

எனக்குக் கோபமே இதில்தான். ஏ டைப், அதாவது எப்போதும் அவசரமும் பொறுமையின்மையுமாக இருக்கும் குணம் என்பதை 1950களில் சான் பிரான்சிஸ்கோவில் ஃப்ரீட்மன், ரோசன்மன் என்ற இரண்டு இதய டாக்டர்கள் கொண்டுவந்தார்கள். 1960இல் தொடங்கி 3,154 ஆண்களை எட்டரை வருஷம் கவனித்தபோது ஏ டைப் ஆட்களுக்கு இதய நோய் இரண்டு மடங்கு வந்ததும் உண்மை. ஆனால் அதற்குப் பிறகு வந்த பெரிய ஆய்வுகளில் அது நிற்கவில்லை, அந்த 3,154 பேரிலேயே இதய நோய் வந்தவர்களைத் தொடர்ந்து பார்த்து 1988இல் வெளியிட்டபோது ஏ டைப் ஆட்கள்தான் குறைவாக இறந்திருந்தார்கள். போதாததற்கு சிகரெட் கம்பெனிகள் பல வருஷம் இந்த ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்திருக்கின்றன; பழியைப் புகையிலிருந்து குணத்துக்குத் தள்ளினால் லாபம் யாருக்கு என்று யோசித்துப் பாருங்கள். அவசரக் குணத்தைவிட, அடுத்தவர்மேல் உள்ளுக்குள் புகைகிற பகையும் கோபமும், மனச்சோர்வும்தான் இதயத்தோடு அதிகம் சேர்த்துப் பேசப்படுகின்றன. இது எதுவுமே அந்தத் தாளில் இல்லை.

ஆனால் அதற்கப்புறம் அரை மணி நேரம் பேசிய கவுன்சிலிங் அம்மா இருக்கிறாரே, அவருக்காகவே அறுநூறு கொடுக்கலாம். தாளை ஓரமாக வைத்துவிட்டு, "ஐயா, கோவம் வந்தா எவ்வளவு நேரம் மனசுல நிக்கும்?" என்றுதான் ஆரம்பித்தார்.

"போன தையில நெல் கொள்முதல் நிலையத்துல ஈரப்பதம் பதினேழு சதவீதத்தைத் தாண்டுதுன்னு மூட்டையைத் திருப்பிட்டாம்மா. இன்னிக்கு நெனச்சாலும் நெஞ்சு படபடங்குது" என்றார் பெரியப்பா. வீட்டில் யாரிடமும் இப்படி அவர் சொன்னதில்லை.

வேகமாக வேலை பார்ப்பது வியாதி இல்லை என்றார் அந்த அம்மா. கோபம் தலைக்கேறும்போது பிரஷர் ஏறும், ரத்தக்குழாய் சுருங்கும், ரத்தம் சீக்கிரம் உறையும், ஏற்கெனவே கொழுப்பு படிந்த இடம் அந்த நேரத்தில் கிழிந்தால் அடைப்புதான், பெரிய கோபத்துக்கு அடுத்த இரண்டு மணி நேரம் கவனம் தேவை என்று நிதானமாக விளக்கினார். வயலுக்கு முறைத் தண்ணீர் பாய்ச்ச ராத்திரி கண்விழிப்பதையும் கேட்டுக்கொண்டார். பீடி விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கவே இல்லை. மாரடைப்புக்கான காரணங்களைத் தேடி 52 நாடுகளில் நடத்தி 2004இல் வெளிவந்த ஆய்வில் மனஅழுத்தமும் பட்டியலில் இருந்தாலும் புகையும் கெட்ட கொழுப்பும்தான் முதல் இரண்டு இடம், அதனால் முதலில் பீடி, அப்புறம் கோபம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"இந்த வயசுல குணத்தை மாத்த முடியுமாம்மா?" என்றதற்கு, ஃப்ரீட்மனே பிற்பாடு செய்ததைச் சொன்னார். ஒரு முறை மாரடைப்பு வந்தவர்களைக் கூட்டமாக உட்கார வைத்து, அவசரத்தையும் கோபத்தையும் குறைக்க நாலரை வருஷம் பழக்கியதில், அந்தப் பழக்கம் பெறாதவர்களில் நூற்றுக்கு 21 பேருக்கு மறுபடி அடைப்பு வந்தபோது இவர்களில் 13 பேருக்குத்தான் வந்ததாம். "சரி, இந்தத் தடவை மூட்டையோட மகனை அனுப்புங்க" என்று முடித்தார். பெரியப்பா தலையாட்டியது எங்களுக்கே ஆச்சரியம்.

தாளை மாற்றச் சொல்லி ரிசப்ஷனில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். கவுன்சிலிங் மட்டும் தனியாகக் கிடைக்காதாம், அதுவும் மாற வேண்டும். நீங்கள் போனால் மார்க்கைப் பார்த்துப் பயப்படாமல் நேரே அந்த அம்மாவிடம் உட்காருங்கள், சனிக்கிழமைதான் முழு நாளும் இருக்கிறார், பழைய பிரஷர் சீட்டுகளையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.