பவுடர் அடிப்பதற்கு முன்னால் கம்பியைப் பார்த்துவிடுங்கள்

காரைக்குடி சுற்றுவட்டாரத்தில் கிரில், கேட் எதையாவது பவுடர் கோட்டிங்குக்கு (பெயின்ட்டுக்குப் பதில் வண்ணப் பொடியை அடித்து அடுப்பில் உருக்கிப் படியவைப்பது) கொடுக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். 38,000 ரூபாய் தண்டம் அழுதவன் சொல்கிறேன்.

பள்ளத்தூரில் எங்கள் பழைய வீடு. குரங்குத் தொல்லை தாங்காமல் போன சித்திரையில் வளவுக்கு, அதாவது நடு முற்றத்துக்கு, மேலே புதிதாக இரும்பு கிரில் போட்டோம். பெயின்ட் என்றால் அடிக்கடி சாரம் கட்ட வேண்டுமே என்று பவுடர் கோட்டிங்குக்குக் கொடுத்தேன். “செவன் டேங்க் பிராசஸ் சார், பத்து வருஷத்துக்குத் திரும்பிப் பார்க்க வேண்டாம்” என்றார் பட்டறைக்காரர். பவுடர் அடிக்கும் முன் இரும்பை ஏழு தொட்டிகளில் முக்கிச் சுத்தம் செய்து தயார்படுத்துவதைத்தான் அப்படிச் சொன்னார். தொட்டிகளும் வரிசையாகத்தான் இருந்தன. உள்ளே என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்கத் தோன்றவில்லை.

மாட்டிய அன்று கண்ணாடி மாதிரி இருந்தது. ஐப்பசி மழையில் வெல்டிங் ஓரமெல்லாம் கொப்புளம். கார்த்திகையில் ஏணி போட்டு ஏறி நகத்தால் நெம்பினால், பாலாடை போல விரல் நீளத்துக்கு ஒரே தோலாக உரிந்து வந்தது. அதன் உள்பக்கம் முழுக்கத் துருப்பொடி. துரு ஏறாத இடத்தில் இரும்பு மில்லில் இருந்தே கம்பியோடு வந்த கரும்படலம் அப்படியே இருந்தது. கம்பி ஒரு தொட்டியையும் பார்க்கவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

போய்க் கேட்டால், “இந்த வருஷம் மழை அப்படி சார், ஸ்பிரே அடித்துத் தருகிறேன்” என்கிறார். மழைக்குத்தானே ஐயா கோட்டிங்! வெளியே வரும்போது அங்கே வேலை பார்க்கும் பையன்தான் மெதுவாகச் சொன்னான்: தின்னரில் நனைத்த துணியால் ஒரு துடை, நேராகப் பவுடர், அடுப்பு. அவ்வளவுதான்.

முறையாகச் செய்தால் முதலில் எண்ணெய்ப் பிசுக்கு போக வேண்டும், அப்புறம் ஆசிட்டில் துரு. நடுநடுவே நல்ல தண்ணீரில் அலசல். பிறகுதான் பாஸ்பேட் தொட்டி. அதில் இரும்பின் மேல்பரப்போடு வினை நடந்து, கண்ணுக்குத் தெரியாத பொடிப்பொடிப் படிகங்கள் படியும். பவுடர் உருகும்போது பிடித்துக்கொள்வது அந்தச் சொரசொரப்பைத்தான். எங்காவது கீறல் விழுந்தாலும் துரு பக்கவாட்டில் ஓடாமல் தடுப்பதும் அதுதான். 180, 200 டிகிரியில் சுட்டு எடுத்த பிறகு இதெல்லாம் நடந்ததா என்று வெளியே இருந்து பார்த்தால் தெரியாது. ஏமாற்ற வசதியான இடம்.

இப்போது எல்லாவற்றையும் கழற்றி மதுரையில் வேறொரு பட்டறையில் கொடுத்திருக்கிறேன். பவுடர் அடிக்கும் முன் கூப்பிடுங்கள் என்று சொல்லிவைத்துப் போய்ப் பார்த்தேன். ஜிங்க் பாஸ்பேட் ஏறிய கம்பி, மினுக்கமே இல்லாமல் ஒரே சீராகச் சாம்பல் நிறத்தில் இருந்தது. தொட்டுப் பார்க்கப் போனேன். “கை வைக்காதீங்க சார், வேர்வை பட்ட இடத்துலதான் முதல்ல பொரியும்” என்று அந்தப் பட்டறைக்காரர் அதட்டினார். அந்த அதட்டலுக்கே கூடுதலாகக் கொடுக்கலாம்.

அப்பத்தாவுக்குக் கிரில் போனதில் வருத்தமில்லை. துருத்தண்ணீர் சொட்டி வளவு ஓரத்து ஆத்தங்குடிக் கல்லில் செம்மண் நிறத்தில் கறை விழுந்துவிட்டது, அதைத்தான் தினமும் தேய்த்துக்கொண்டிருக்கிறார். சிமென்ட் கல், ஆசிட் ஊற்றினால் பூவே அரித்துவிடும்.